கோட்டையைப் பார்க்கப் போன மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு நானே தாமதமாகப் போனேன் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அபாண்டம். என் கணக்குப்படி முகூர்த்தம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அதற்குள் பெண் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டேன். கணக்குதான் தப்பு. அதை அங்கேயே ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தால் பேச்சு இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. நான் வாசலில் நின்று வாதாடினேன். என் பேரன் பேத்திகள் தீபாவளிக்குத் தீபாவளி நடித்துக் காட்டுவது அந்தக் காட்சியைத்தான்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டே ஆகவேண்டும் எனக்கு. கேட்காவிட்டால் சோறு இறங்காது. சின்ன வயதில் கோயிலில் பூசை செய்கிற பண்டாரத்திடம் போய், சாமிக்குப் படைத்த பொங்கலைச் சாமி சாப்பிட்டால் பானை ஏன் குறையவில்லை என்று கேட்டு, அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கினேன். வாங்கியும் புத்தி வரவில்லை. (இப்போதும் வரவில்லை என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கு உரியவள் பின்னால் வருவாள்.)

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். எங்கள் ஊர் குவாலா கிளாவாங் பக்கம். நாலு புறமும் மலை. வெளியூர் போவதென்றால் புக்கிட் தங்கா என்கிற மலையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. கணக்கெழுதுகிற வேலை. ரப்பரை வாங்க ஆளில்லாமல் மரமெல்லாம் சும்மா நின்றது. இடையில் மரவள்ளி நட்டு, மூன்று வேளையும் அதையே தின்றுகொண்டிருந்தோம். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். தாய்மாமா கோவிந்தன் பக்கத்து லயத்தில், அதாவது அடுத்த தோட்டத்து வீட்டு வரிசையில், இருந்தார்.

மலாக்காவிலிருந்து ஒரு பெண் ஜாதகம் வந்தது. காஜா பேராங்கில் வீடு. பெண்ணின் அப்பா அருணாசலம் ஜாலான் பெண்டஹாரா என்கிற தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். தரகர் ஜாதகத்தை நீட்டியதும், பெண் எப்படி என்று கேட்கவேண்டிய இடத்தில் நான் கேட்ட கேள்வி, அந்த வீட்டிலிருந்து கோட்டை எத்தனை மைல் என்பது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மலாக்காக் கோட்டை வாசலின் படம் ஒன்று இருந்தது. சுல்தான்கள் ஆண்ட தலைநகரம், அதைப் போர்த்துகீசியன் பிடித்தான், அவனிடமிருந்து டச்சுக்காரன் பிடித்தான், பிறகு வெள்ளைக்காரன் வந்து கோட்டையை இடித்தபோது இந்த ஒரு வாசல் மட்டும் தப்பியது என்று வாத்தியார் சொன்னதிலிருந்து அந்த வாசலைத் தொட்டுப் பார்த்தே தீருவது என்று இருந்தேன். ரெண்டு மைல்தான் என்றார் தரகர். உடனே சம்மதம் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பையன் பெண்ணைக்கூடப் பார்க்காமல் தாய் சொல்லைத் தட்டாமல் ஒத்துக்கொண்டான் என்று. நானும் அதை மறுக்கவில்லை.

அம்மா அவசரப்பட்டதற்கு வேறு காரணம் இருந்தது. சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் பாதைக்கு ஆள் வேண்டும் என்று தோட்டந்தோட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத பையன்கள் பெயர் முதலில் போகும். பட்டியல் எழுதுவது எங்கள் பெரிய கிராணி. அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த பட்டியல் வியாழக்கிழமை போகிறது, புதன்கிழமைக்குள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மருமகளோடு வந்து நில்லுங்கள், பெயரை எடுத்துவிடுகிறேன், வெறுங்கையோடு வந்தால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. எனக்கோ, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, சயாம் எப்படி இருக்கும், அங்கே யானை பாலம் கட்டுமா என்று உள்ளூர ஒரு ஆசைகூட இருந்தது. அங்கே போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் மாமனாரின் கடிதம் வந்தது. புதன்கிழமை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம் என்று எழுதியிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவிலும் மணி என்று உத்தரவு போட்டான். எல்லோரும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். சூரியன் கிளம்பும்போதே மணி எட்டு. பழைய மணி வைத்திருப்பவன் வெள்ளைக்காரனுக்கு விசுவாசமானவன் என்று சொல்லி அறைந்துவிடுவார்கள் என்பதால் யாரும் வைத்திருக்கவில்லை. வாயில் மட்டும் ‘பழைய மணி’, ‘ஜப்பான் மணி’ என்று இரண்டும் புழங்கின.

கடிதத்தை நான் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள்.

“இது எந்த மணிப்பா?”

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கேட்ட கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது.

“பஞ்சாங்கம் பாத்துக் குறிச்சது பழைய மணியிலதான்மா இருக்கும். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் தோக்கியோவுலயா பாப்பாங்க?”

கோவிந்தன் மாமா, எதற்கும் ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடலாமே என்றார். கடிதம் போய் வருவதற்குள் எனக்குப் பிள்ளையே பிறந்துவிடும் என்றேன். அதோடு தபாலையெல்லாம் ஜப்பான்காரன் பிரித்துப் படிக்கிறான். அப்படியானால் காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்வோம் என்றார் மாமா. நான் விடவில்லை. பத்தரையோடு ஒன்றரையைக் கூட்டினால் பன்னிரண்டு, பன்னிரண்டோடு ஒன்றரையைக் கூட்டினால் ஒன்றரை, ஆகவே ஜப்பான் மணிப்படி பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் தாலி கட்டினால் போதும் என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். கிராணி கணக்கு. யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

புதன்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். சீன மரக்கறி வியாபாரி ஒருவரின் லோரி மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போனது. கருவாடு ஏற்றிக்கொண்டு திரும்பும். ஓட்டுநர் அந்தோணி அண்ணன் எங்கள் ஊர்க்காரர். அம்மா முன்னால் அவர் பக்கத்தில். நானும் மாமாவும் பின்னால் மிளகாய் மூட்டைமேல், மடியில் சீர்த் தட்டுகள். பெட்ரோல் ஏது அப்போது? லோரியின் பின்புறம் ஒரு இரும்புப் பீப்பாய். அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. சமதரையில் நடக்கும். மேட்டில் நின்றுவிடும். உடனே நாங்கள் குதித்துத் தள்ளவேண்டும்.

புக்கிட் தங்காவில் பாதி மலையைத் தள்ளியே ஏறினோம். நான் கட்டியிருந்தது அப்பாவின் பட்டு வேட்டி. துணி கிடைக்காத காலத்தில் அம்மா பெட்டியில் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. மலை உச்சிக்கு வந்தபோது அது முழங்கால்வரை கறுப்பு. ஆனால் உச்சியில் சூரியன் வந்தது பாருங்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி நின்றது. மரங்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஏதோ ஒரு குரங்குக் கூட்டம் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து கத்த, அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் பதில் கொடுத்தது. பனி ஏன் மேலே வராமல் பள்ளத்திலேயே கிடக்கிறது என்று அந்தோணி அண்ணனைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பனி கலைவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி மணி பார்த்தேன். (கைக்கடிகாரத்தைக் கண்டால் ஜப்பான் சிப்பாய் கழற்றிக்கொள்வான். அதனால் தாயத்து மாதிரிப் புஜத்தில் கட்டியிருந்தேன்.) நேரம் தாராளமாக இருந்தது.

சிரம்பான் தாண்டி ரெம்பாவ் வந்தபோது, கூரையின் இரண்டு முனையும் மாட்டுக் கொம்பாக வளைந்து நின்ற வீடுகளைப் பார்த்தேன். விடுவேனா? இறங்கிப் போய் ஒரு மலாய்க்காரப் பெரியவரை, பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கூரை ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் என் கோலத்தைப் பார்த்து, கல்யாணமா, கரி வியாபாரமா என்று கேட்டார். இரண்டும் என்றேன். சிரித்துவிட்டு, முன்னொரு காலத்தில் ஒரு எருமைக் கன்று பெரிய எருமைக் கடாவையே தோற்கடித்த மாதிரி ஏதோ ஒரு நீளமான கதையைச் சொன்னார். மாமா லோரியிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனார்.

அலோர் காஜா பக்கம் சாலையோரத்தில் ஆளுயரக் கற்கள் வரிசையாக நட்டு நின்றன. இவை வளரும் கற்கள், வருஷா வருஷம் உயரும் என்று அந்தோணி அண்ணன் சொல்லித் தொலைத்தார். எவ்வளவு வளரும் என்று கேட்டேன். யாரும் அளந்ததில்லை என்றார். அளக்காமல் எப்படி விடுவது? அங்கவஸ்திரத்தால் சுற்றளவையும் உயரத்தையும் அளந்து, கரித்துண்டால் மாமாவின் தோள்துண்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வந்து மறுபடி அளப்பதாகத் திட்டம். அம்மா முன் இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை. வாய் மட்டும் முருகா முருகா என்று அசைந்துகொண்டிருந்தது.

காஜா பேராங்குக்குத் திரும்புகிற முக்கை நாங்கள் அடைந்தபோது ஜப்பான் மணி பதினொன்றரை. அந்தோணி அண்ணன் சக்கரத்தை ஒடித்தார். அவர் ஒடித்தபடி விட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் பெண் வீடு. சொல்வதற்கு எனக்குக் கதையே இருந்திருக்காது. நான் மிளகாய் மூட்டைமேலிருந்து கூரையைத் தட்டினேன்.

“அண்ணே, நேரா டவுனுக்கு விடுங்க. முகூர்த்தம் ஆரம்பிக்கவே அரை மணி இருக்கு. கோட்டைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்.”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏண்டா ரத்தினம், கோட்டை நாளைக்கு ஓடிப்போயிடுமா?” என்றார். நாளைக்கு நான் குடும்பஸ்தன், அப்போது யார் விடுவார்கள் என்றேன். அந்தோணி அண்ணனுக்கும் டவுனில் மிளகாயை இறக்கவேண்டியிருந்தது. போனோம்.

ஆற்றுப் பாலத்தில் காவல் சிப்பாய். எல்லோரும் இறங்கிக் குனியவேண்டும். அம்மாவும்தான். நான் குனிந்தது அவனுக்குப் போதவில்லை. முதுகில் துப்பாக்கிக் கட்டையை வைத்து அழுத்தி, எவ்வளவு கோணத்தில் குனியவேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தான். சீர்த் தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, என் கரி படிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்து அனுப்பினான். அதில் இருபது நிமிஷம் போனது. புஜத்துக் கடிகாரத்தை அவன் பார்க்கவில்லை. அதற்கே அன்று நான் முருகனுக்குக் கடமைப்பட்டிருந்தேன்.

கடைசியில் கோட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஏமாறவில்லை. அந்த வாசலுக்கு முன்னால் போய் நின்றேன். வெயில் பட்டுச் செங்கல் நிறத்தில் இருந்த கல். மேலே ஏதோ கேடயம், ஆள், கப்பல் எல்லாம் செதுக்கியிருந்தார்கள். நான் இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தேன். கல்லில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் இதைப் பிடித்தோம் பிடித்தோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், இது மட்டும் இப்படியே நிற்கிறதே என்று தோன்றியது. இப்போதைய எஜமானனும் ஒருநாள் போவான் என்றும் தோன்றியது. அதை மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

அப்போது ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கைலி, பேசுவது மலாய். காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர். என் மாமனாருக்கு அடுத்த வீட்டுக்காரர். இது எனக்கு அப்போது தெரியாது. அவர் என் வேட்டியைப் பார்த்தார், சீர்த் தட்டைப் பார்த்தார். நீ மாப்பிள்ளையா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அருணாசலம் வீட்டுக்கா என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் இங்கே என்ன செய்கிறாய் என்றார். கல்லைப் பார்க்கிறேன், நேரம் இருக்கிறது என்று சொல்லி, டச்சுக்காரன் எந்தப் பக்கமாக வந்து பிடித்தான் என்று அவருக்குத் தெரியுமா என விசாரித்தேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளில் ஏறி, பேய் துரத்துகிற மாதிரி மிதித்துக்கொண்டு போனார். இந்த ஊரில் பிறந்துவிட்டுச் சரித்திரத்தில் கொஞ்சம்கூட அக்கறை இல்லாத ஆள் என்று மாமாவிடம் வருத்தப்பட்டேன்.

மிளகாயை இறக்கி, அவிந்துபோயிருந்த கரியை மறுபடி விசிறி மூட்டி, நாங்கள் காஜா பேராங்கில் பெண் வீட்டு முன்னால் இறங்கியபோது ஜப்பான் மணி பன்னிரண்டு ஐம்பது.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. அதன் அடியில் ஆட்கள் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்பே பந்தி போடுவது மலாக்கா வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (கேட்கவும் வாயெடுத்தேன். மாமா கிள்ளினார்.) ஆரத்தித் தட்டில் யாரோ அவித்த மரவள்ளியை எடுத்துக்கொண்டு போனார்கள். மேளக்காரர் சாப்பிட்ட மயக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். மாமனார் அருணாசலம் வெளியே வந்தார். குரலை உயர்த்தாத மனிதர் அவர்.

“மணி என்ன தெரியுமா தம்பி?”

தம்பி என்றுதான் சொன்னார், மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. நான் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டி, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்றேன். முகூர்த்தம் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது என்றார் அவர். அப்போதுதான் நான் அந்தப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். பஞ்சாங்கம் என்பது சூரியனைப் பொறுத்தது, சூரியன் மலாக்காவில் உதிப்பது வேறு, தோக்கியோவில் உதிப்பது வேறு, ஆகவே முகூர்த்தத்தைப் பழைய மணியில் எழுதுவதுதான் முறை, பிழை கடிதம் எழுதியவருடையது என்று, கைகழுவிய ஐம்பது பேர் ஈரக்கையோடு கேட்டுக்கொண்டிருக்க, கரிமுகத்தோடு விளக்கினேன். சிலேட்டு இருந்தால் போட்டே காட்டியிருப்பேன்.

மாமனார் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தபால ஜப்பான்காரன் பிரிச்சிப் படிக்கிறான். அதுல பழைய மணிய எழுதி அனுப்ப எனக்கு என்ன பைத்தியமா? பண்டாரம் ஒம்பதுலேந்து பத்தரைன்னு குறிச்சிக் குடுத்தாரு. நான்தான் ஒன்றரையக் கூட்டிப் புது மணியில எழுதுனேன்.”

அவர் கூட்டியதன் மேல் நானும் ஒருமுறை கூட்டியிருக்கிறேன். தபாலைப் பிரித்துப் படிக்கிறான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு, அதை யோசிக்காமல் கூட்டியிருக்கிறேன். 

அம்மா லோரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“நாளைக்கு வியாழக்கிழமைடா.”

 மலை, பனி, கொம்புக் கூரை, வளரும் கல் எல்லாம் ஒரேயடியாக மறந்துபோயின. ஆடி பிறக்க நாலே நாள், அதற்குள் வேறு முகூர்த்தம் கிடையாது. ஊர் விட்டு ஊர் போக ஜப்பான்காரன் கொடுத்த பாஸ் நாளையோடு முடிகிறது. வெறுங்கையோடு திரும்பினால் நான் சயாமுக்கு. அம்மா தனியாக. இதெல்லாம் எனக்குக் காலையிலேயே தெரிந்த விஷயம்தான். தெரிந்துகொண்டே கல்லை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அப்போது எனக்கு என்மேல் வந்த வெறுப்பு, அதற்குப் பிறகு வாழ்நாளில் யார்மேலும் வந்ததில்லை.

பெண்ணின் அத்தை ஒருத்தி, கட்டுகிற நேரத்தில் கல்லைத் தடவுகிறவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கவேண்டாம், முறைப்பையன் என் மகன் இருக்கிறான், அவனை மணவறையில் உட்காரவையுங்கள் என்றாள். எல்லோரும் அந்த மகனைப் பார்த்தோம். அவர் அப்போதுதான் மூன்றாவது பந்தியிலிருந்து எழுந்து ஏப்பம் விட்டார். தாலி கட்டுகிறவன் பசியோடு இருக்கவேண்டும், சாப்பிட்ட மாப்பிள்ளை ஆகாது என்று பண்டாரம் கறாராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தன் மணியையும் கற்பூரத் தட்டையும் பைக்குள் வைக்கப் போனார்.

அந்த நேரத்தில் உள்ளே கூடத்துச் சுவர்க்கடிகாரம் ‘டங்’ என்று ஒரே ஒரு தடவை அடித்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பெரிய கண்ணாடிக் கடிகாரம். மணி பதினொன்றரை என்று காட்டிக்கொண்டிருந்தது.

 காலையிலிருந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்தக் கடிகாரம் பன்னிரண்டு அடித்ததைக் காதாலேயே கேட்டவர்கள். அடித்தபிறகுதான் பந்தியே போட்டிருக்கிறார்கள். பண்டாரம் கடிகாரத்தைப் பார்த்தார். மடியிலிருந்த முகூர்த்தச் சீட்டைப் பார்த்தார். மாமனார் புது மணியில் எழுதிக்கொடுத்த சீட்டு, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். பிறகு முற்றத்தில் இறங்கிச் சூரியனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“சீட்டுல பன்னெண்டுன்னு இருக்கு. கடியாரத்துல பதினொன்னரைதான் ஆவுது. ராகு காலமும் இன்னும் பொறக்கல. எனக்கு வேற என்ன தெரியும்? ஒக்காருங்க மாப்ள.”

மாமனார் போய்ச் சன்னல்களையும் வாசல் கதவையும் சாத்தினார். பழைய மணி காட்டுகிற கடிகாரத்தை யாராவது வெளியிலிருந்து பார்த்தால் வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இருட்டுக் கூடத்தில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. அம்மா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். கரி பரவியதுதான் மிச்சம். மேளக்காரரை எழுப்பினால் சத்தம் வரும் என்று எழுப்பவில்லை. கெட்டிமேளத்துக்குப் பதிலாகக் கோவிந்தன் மாமா தொடையில் தட்டினார்.

பெண்ணை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சரஸ்வதி. குனிந்த தலை. நான் பார்த்தது அவள் கொண்டையைத்தான். மல்லிகைச் சரத்தின் மேல் ஒட்டடை ஒரு கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் தலையில் ஒட்டடை எப்படி வரும்? எனக்கு அடக்க முடியவில்லை. பண்டாரம் மந்திரம் சொல்கிற இடைவெளியில் மெதுவாகக் கேட்டேன்.

“தலையில என்ன ஒட்டடை?”

தலை நிமிராமலே பதில் வந்தது.

“சும்மா இருங்க.”

அதுதான் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதற்குப் பிறகு அதைப் பல்லாயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று முடிச்சும் போட்டு முடித்தபோது கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. ஆனால் ஒன்றுதான் அடித்தது. முள்ளைப் பின்னுக்குத் திருப்பினால் இந்த மாதிரிக் கடிகாரங்களுக்குக் கணக்குக் கெட்டுவிடும் என்று பிற்பாடு கடிகாரக் கடைக்காரர் சொன்னார். அன்று கெட்டது கெட்டதுதான். காட்டுவது ஒன்று, அடிப்பது ஒன்று.

வியாழக்கிழமை கருவாட்டு லோரியில் ஊர் திரும்பினோம். பெரிய கிராணி சரஸ்வதியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்து என் பெயரை அடித்தார். அந்தப் பட்டியலில் எங்கள் லயத்துப் பையன்கள் ஐந்து பேர் போனார்கள். சண்டை முடிந்த பிறகு ஒருவன்தான் திரும்பி வந்தான். வந்தவன் லயத்து வாசலில் உட்கார்ந்து நாள்முழுக்கத் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான். எதையும் எவரிடமும் கேட்கிற நான், சயாம் எப்படி இருந்தது என்று அவனிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கடிகாரத்தை மாமனார் பின்னால் எங்களுக்கே கொடுத்துவிட்டார். எங்கள் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. எட்டு காட்டும்போது வேறு எதையோ அடிக்கும். புது ஆட்கள் திடுக்கிடுவார்கள், நாங்கள் பழகிவிட்டோம். வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் எங்கே போனாய் என்று கேட்பதில்லை. கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறாயா என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் முதலில் என் கையில் கொடுத்து, “இது எந்த மணி தாத்தா?” என்று கேட்டுவிட்டுப் பேரன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா இருந்தவரை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒட்டடை சங்கதியைச் சரஸ்வதி பல வருஷம் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் வாசலில் என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கல்யாணப் புடவையோடு முக்காலியில் ஏறி முள்ளைத் திருப்பியவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். முகமே பார்க்காத ஒருவனுக்காக ஏன் அப்படிச் செய்தாள் என்பதுதான் தெரியவில்லை. பட்டியல் விஷயம் தெரிந்து இரக்கப்பட்டாளோ, அப்பாவின் மானம் போகக்கூடாது என்று நினைத்தாளோ, அத்தை மகனின் ஏப்பத்தைக் கேட்டுப் பயந்தாளோ என்று நானே பலவிதமாக யோசித்திருக்கிறேன். எங்கள் மூத்த மகளின் கல்யாணம் முடிந்து, எல்லோரும் போன பிறகு, இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

“அடுத்த வீட்டுக்காரரு சைக்கிள்ல ஓடியாந்து, மாப்ள கோட்டையில நின்னு கல்லத் தடவிக்கிட்டு இருக்காருன்னு சொன்னாரு. எல்லாரும் ஒங்களத் திட்டுறாங்க. எனக்கு உள்ள உக்காந்துகிட்டு சிரிப்பு தாங்கல. தாலி கட்டுற நேரத்துல போயி கல்லப் பாக்குற மூஞ்சி எப்படித்தான் இருக்கும், ஒரே ஒரு தடவ பாத்துடுவோம்னு தோணுச்சி. அதுக்குத்தான் முள்ளத் திருப்புனேன். கட்டிக்கிறதுக்கு இல்ல.”

“சரி, பார்த்த பிறகாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?”

“எங்க சொல்ல வுட்டீங்க? மூஞ்சிதான் ஒரே கரியா இருந்துச்சே. அதைக் கழுவி நான் பாக்குறதுக்குள்ள கட்டிப்புட்டீங்க.”